வெள்ளீயக் குளத்தில் மிதந்து வந்த ஜன்னல்

குளிர்நாட்டில் சொந்தமாக வீடு கட்டுகிறவர்களுக்கு ஓர் ஆசை தவறாமல் வருகிறது. கொலராடோவிலோ பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ மலைச்சரிவில் நிலம் வாங்கியிருப்பார்கள். எதிரே பனி மூடிய சிகரம். வரவேற்பறையின் தெற்குச் சுவர் முழுக்க ஒரே கண்ணாடியாக இருக்க வேண்டும், நடுவில் சட்டம் வந்து மலையை இரண்டாக வெட்டக் கூடாது என்பார்கள். வடிவமைப்பாளர் பென்சிலால் ஒரு நீள்சதுரம் போட்டுக் காட்டுவார். அதுவரை எல்லாம் சுலபம்.

மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும் ஊரில் அந்த நீள்சதுரத்துக்கு மூன்றடுக்குக் கண்ணாடி வேண்டும். அதை எங்கே செய்வார்கள், எதில் ஏற்றி வருவார்கள், யார் தூக்கி வைப்பார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினால்தான் தெரியும், கையில் பணம் இருப்பது மட்டும் போதாது என்று. அந்த ஜன்னலின் அளவை முடிவுசெய்வதில் வீட்டுக்காரருக்கு இருக்கும் பங்கு கொஞ்சம்தான். எங்கோ ஒரு தொழிற்சாலையில் உருகிக் கிடக்கும் வெள்ளீயக் குளம், ஒரு கப்பல் கண்டெய்னரின் கதவு, நம் தலைக்கு மேல் நிற்கும் காற்றின் எடை ஆகிய மூன்றும் சேர்ந்து அதை முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்கின்றன.

மூன்று அடுக்கு எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடலாம். வெளியே மைனஸ் 10 டிகிரி, அறைக்குள் 20 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கண்ணாடி என்றால் அதன் உள்பக்கம் மைனஸ் 2, 3 டிகிரியில் இருக்கும். சமையலறை ஆவியும் நாம் விடும் மூச்சும் அதில் போய் உறைந்து பனிப்பூக்களாகப் படரும். இரண்டு கண்ணாடி, நடுவே வெறும் காற்று என்றால் உள்பக்கம் 9 டிகிரியைத் தொடும். அதுவும் போதாது. 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால், 9 டிகிரியைச் சற்றுத் தாண்டிய நிலையிலேயே காற்று தன் ஈரத்தைக் கக்கத் தொடங்கிவிடும். காலையில் ஜன்னலின் அடிப்பகுதியில் தண்ணீர் வழிந்து மரச்சட்டம் ஊறிக் கிடக்கும். நல்ல மூன்றடுக்குக் கண்ணாடியின் உள்பக்கமோ அதே குளிரில் 17 டிகிரிக்கு மேலேயே நிற்கும்.

இல்லினாய் மாநிலத்தின் பிளேனோவில் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ கட்டி 1951-ல் முடித்த ஃபார்ன்ஸ்வர்த் இல்லம் நவீனக் கட்டடக் கலையின் புகழ்பெற்ற வீடுகளில் ஒன்று. நான்கு பக்கமும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. எல்லாம் ஒற்றைக் கண்ணாடி. குளிர்காலத்தில் அந்தக் கண்ணாடிகளில் ஈரம் வழிந்தது. வீட்டுச் சொந்தக்காரரான டாக்டர் எடித் ஃபார்ன்ஸ்வர்த்துக்கும் மீஸுக்கும் இருந்த நட்பு முறிந்து நீதிமன்றம் வரை போனது. செலவுக் கணக்கும் அந்தச் சண்டையில் சேர்த்திதான். இருந்தாலும் உலகமே வந்து புகைப்படம் எடுக்கிற வீட்டுக்குள் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார வேண்டியிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

‘ஜன்னலிலிருந்து குளிர் வருகிறது’ என்று சொல்வது வழக்கம். நடப்பது அதற்கு நேர்மாறு. நம் உடம்பு எந்நேரமும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை வீசிக்கொண்டிருக்கிறது. எதிரே உள்ள சுவரும் பதிலுக்கு நம்மீது வீசுகிறது. சுவர் இதமாக இருந்தால் கொடுக்கல் வாங்கல் ஏறக்குறையச் சரியாகிவிடும். குளிர்ந்த கண்ணாடி வாங்கிக்கொள்கிறதே தவிர அவ்வளவாகத் திருப்பித் தருவதில்லை. அறையின் காற்று 20 டிகிரி என்று சுவரில் மாட்டிய கருவி காட்டினாலும், கண்ணாடிப் பக்கம் இருக்கும் தோள் சில்லிடுவது அதனால்தான். இதுபோக, கண்ணாடியை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழே சரியும். ஜன்னல் எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகம் எடுக்கும். தரையில் வந்து கணுக்காலைப் பிடிக்கும். குளிர்நாட்டு வீடுகளில் சூடேற்றும் ரேடியேட்டரை வழக்கமாக ஜன்னலுக்கு அடியிலேயே வைத்ததற்கு இதுதான் காரணம். சரிந்து வரும் குளிர்காற்றை எதிர்த்துச் சூடான காற்றை மேலே அனுப்ப வேண்டியிருந்தது. டொராண்டோவில் பழைய வீட்டில் குடியிருக்கும் உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள், ஜனவரியில் ஜன்னலோர நாற்காலி யாருக்கு வேண்டும் என்று.

ஆக, உயரமான ஜன்னல் வேண்டுமென்றால் அதன் உள்பக்கம் சில்லிடவே கூடாது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில், கிரானிக்ஸ்டைன் பகுதியில், இயற்பியலாளர் வொல்ஃப்காங் ஃபைஸ்ட் முன்னின்று 1991-ல் நான்கு வீடுகள் கொண்ட ஒரு வரிசையைக் கட்டினார். வழக்கமான சூடேற்றும் அமைப்பு அநேகமாகத் தேவைப்படாத ‘பாஸிவ் ஹவுஸ்’ என்ற முறை அங்கிருந்துதான் பரவியது. அந்த வீடுகளுக்கு வேண்டிய ஜன்னல் அப்போது கடைகளில் கிடையாது. மூன்றடுக்குக் கண்ணாடி போட்டு, இடைவெளியில் கிரிப்டான் வாயுவை நிரப்பி, மரச்சட்டத்தின்மேல் வெப்பத்தடை நுரையைக் கையாலேயே ஒட்டித் தயாரித்தார்கள். இன்றைக்கு அந்த முறையில் மத்திய ஐரோப்பாவுக்கு வைத்திருக்கும் அளவுகோல் இது: கண்ணாடியும் சட்டமும் சேர்ந்த முழு ஜன்னலின் வெப்பக் கசிவு, உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும், சதுர மீட்டருக்கு 0.8 வாட்டைத் தாண்டக் கூடாது. ஒற்றைக் கண்ணாடிக்கு அந்த எண் 5.8.

சூட்சுமம் எல்லாம் இடைவெளிக்குள் இருக்கிறது. கண்ணாடி வெப்பத்தை அப்படியொன்றும் தடுப்பதில்லை. மூன்று கண்ணாடியையும் இடைவெளியில்லாமல் ஒட்டிவைத்தால் ஒற்றைக் கண்ணாடியைவிடக் கொஞ்சம்தான் தேறும். தடுப்பது நடுவில் அசையாமல் நிற்கும் வாயு. ஆர்கான் காற்றைவிடக் கனமானது, வெப்பத்தைக் கடத்துவதில் காற்றைப்போல மூன்றில் இரண்டு பங்குதான். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவு இருப்பதால் மலிவாகக் கிடைக்கிறது. கிரிப்டான் இன்னும் சோம்பேறி. வெப்பத்தைக் கடத்துவது காற்றில் மூன்றிலொரு பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. ஆனால் பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குதான் அது கிடைக்கும் என்பதால் விலை கையைக் கடிக்கும்.

இடைவெளியை இன்னும் பெரிதாக்கினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். 16, 18 மி.மீ. வரை அப்படித்தான். அதற்கு மேல் போனால் வாயு சும்மா நிற்காது. சூடான கண்ணாடியை ஒட்டி மேலே ஏறி, குளிர்ந்த கண்ணாடியை ஒட்டிக் கீழே இறங்கிச் சுற்றத் தொடங்கிவிடும். தடுப்பாக நிற்க வேண்டியதே சுமைதூக்கியாக மாறி, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டும். அதனால்தான் ஒரு பெரிய இடைவெளிக்குப் பதில் இரண்டு சின்ன இடைவெளி. மூன்றாவது கண்ணாடியின் முக்கிய வேலை, வாயுவைச் சுற்றவிடாமல் நடுவில் குறுக்கே நிற்பது.

வாயுவை அடக்கியாயிற்று, கதிர் வீச்சு மிச்சம். பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடியில் இடைவெளியைத் தாண்டிப் போகும் வெப்பத்தில் பாதிக்கு மேல் கதிராகத்தான் போகிறது. அதைத் திருப்பி அனுப்ப, நம் வீட்டு டீ பிளாஸ்க்கின் உட்சுவரில் பளபளக்குமே, அதுபோல வெள்ளி பூசுகிறார்கள். பிளாஸ்க்குக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, ஜன்னல் வழியே பார்க்க வேண்டுமே. ஆகவே பூச்சு சுமார் 10 நானோமீட்டர் தடிமன்தான். அவ்வளவு மெல்லிய வெள்ளி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை உள்ளே விட்டுவிடும். அறைச்சூட்டின் நீண்ட அலைக் கதிர்களை மட்டும் திருப்பிவிடும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு வெள்ளி போதும். வெற்றிடக் கூடத்துக்குள் வைத்து அணு அணுவாகப் படியவைப்பார்கள். வெளிக்காற்று பட்டால் கறுத்துவிடும் என்பதால் பூச்சுள்ள முகம் எப்போதும் வாயு அடைத்த இடைவெளிக்குள்தான் திரும்பியிருக்கும்.

ஜன்னல் வந்து இறங்கியதும் பூச்சு சரியான பக்கத்தில்தான் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பொருத்துகிறவர் இருட்டும் நேரத்தில் ஒரு லைட்டரைப் பற்றவைத்துக் கண்ணாடிக்கு முன்னால் பிடிப்பார். சற்றுச் சாய்வாகப் பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு சுடர்கள் தெரியும், மூன்று கண்ணாடிக்கு ஆறு முகங்கள். நான்கு சுடர்கள் ஒரே நிறம். இரண்டு மட்டும் ரோஜா நிறத்திலோ ஊதாச் சாயலிலோ நிற்கும். அவைதாம் வெள்ளி பூசிய முகங்கள். வழக்கமாக இரண்டாவது சுடரும் ஐந்தாவது சுடரும் அப்படித் தெரிய வேண்டும். வேறு இடத்தில் தெரிந்தால், கிரேன்காரரை அனுப்புவதற்கு முன்னால் தொழிற்சாலையைக் கூப்பிட வேண்டும்.

இந்த வித்தையெல்லாம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி வாழைப்பழம். எரிசக்தி ஆய்வாளர் அமோரி லவின்ஸ் 1980-களின் தொடக்கத்தில் கொலராடோவின் ஓல்ட் ஸ்னோமாஸில், கடல் மட்டத்திலிருந்து 2,164 மீட்டர் உயரத்தில், ராக்கி மலைக்குள் ஒரு வீடு கட்டினார். மைனஸ் 40 டிகிரிக்குக் கீழேயும் இறங்கியிருக்கிற இடம். அவருடைய ஜன்னல்களில் நடுக் கண்ணாடிக்குப் பதிலாக வெப்பக் கதிரைத் திருப்பும் மெல்லிய படலத்தை இழுத்துக் கட்டியிருந்தார்கள். வேலை அதே வேலை. வழக்கமான கொதிகலன் இல்லை. வெளியே பனி குவிந்து கிடக்க, உள்ளே நடுமுற்றத்துச் செடிகளுக்கிடையே வாழை குலை தள்ளியது. ஒரு தடவை அல்ல, பல தடவை.

சரி, எவ்வளவு பெரிய ஜன்னல்?

உலகம் முழுவதும் ஜன்னல் கண்ணாடி பெரும்பாலும் ஒரே முறையில்தான் பிறக்கிறது. உருக்கிய கண்ணாடியை, உருகிய வெள்ளீயத்தின்மேல் ஊற்றுகிறார்கள். இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் நகரில் பில்கிங்டன் நிறுவனத்தில் வேலை பார்த்த அலஸ்டேர் பில்கிங்டனுக்கு 1952-ல் வந்த யோசனை அது. பெயர் ஒன்றாக இருந்தாலும் நிறுவனக் குடும்பத்துக்கும் அவருக்கும் உறவு கிடையாது. ஏழு ஆண்டுகள் போராடிய பிறகு 1959-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். அதற்கு முன்பு பெரிய கண்ணாடி என்றால் வார்த்து எடுத்து, இரண்டு பக்கமும் மணல் போட்டுத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அது பணக்காரர்களுக்கும் கடைவீதிக்கும் மட்டும் உரிய பொருளாக இருந்தது.

வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். ஆனால் 1,000 டிகிரி சூட்டிலும் கொதித்து ஆவியாகப் போய்விடாது. கண்ணாடியைவிடக் கனமானது. ஆகவே கண்ணாடிக் குழம்பு அதன்மேல் மிதந்து, தன் எடையாலேயே பரவிச் சமதளமாகிவிடும். கீழ்முகத்துக்கு அசையாத உலோகப் பரப்பு, மேல்முகத்துக்கு நெருப்பின் மெருகு, இரண்டும் இலவசம். குளத்தின் ஒரு முனையில் 1,000 டிகிரிக்கு மேல் தகிக்கும் குழம்பாக இறங்குவது, மறுமுனையில் 600 டிகிரி சூட்டில் உருளைகள் தாங்கும் அளவுக்கு இறுகி, முடிவில்லாத நாடாவாக வெளியேறும். வெள்ளீயம் காற்றுப்பட்டுத் துருவேறாமலிருக்கக் குளத்தின்மேல் நைட்ரஜனும் கொஞ்சம் ஹைட்ரஜனும் நிரப்பியிருப்பார்கள். உலையை ஒரு முறை பற்றவைத்தால் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு இரவு பகல் நிறுத்த மாட்டார்கள். வெள்ளீயத்தைத் தொட்ட முகத்தில் அதன் மிக நுண்ணிய சுவடு தங்கிவிடும். புறஊதா விளக்கை அடித்தால் அந்த முகம் மட்டும் பால்போல் மங்கலாக ஒளிரும். எந்தப் பக்கம் எது என்று தொழிற்சாலையில் இன்றும் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் ஆலையில் 2000-ல் ஓடத் தொடங்கியதும் இதே மாதிரிக் குளம்தான்.

அந்தக் குளத்தின் அகலத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஓரங்களைக் கழித்தால் நல்ல கண்ணாடி 3.21 மீட்டர் தேறும். 6 மீட்டருக்கு ஒரு வெட்டு. இப்படிக் கிடைக்கும் 6 மீட்டருக்கு 3.21 மீட்டர் தகடுதான் வியாபாரத்தில் ‘ஜம்போ’. நீளத்தைக் கூட்டலாம்; நாடாதானே, வெட்டுகிற கத்தியைத் தாமதமாக இறக்கினால் ஆயிற்று. அகலத்தை மட்டும் ஆசைப்பட்டுக் கூட்ட முடியாது. கொலராடோ மலை முகட்டைப் பார்க்க விரும்பும் கண்ணாடியின் சிறிய பக்கம் மூன்றேகால் மீட்டருக்குள் அடங்க வேண்டியிருப்பது, உலகில் எந்தெந்த ஊரிலோ இருக்கும் வெள்ளீயக் குளங்களின் கரைகளால்.

அடுத்தது எடை. ஒரு மி.மீ. தடிமனுக்கு ஒரு சதுர மீட்டர் கண்ணாடி இரண்டரைக் கிலோ. 3 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் என்று வைத்து, 6 மி.மீ. கண்ணாடிகள் மூன்றைப் போட்டால் சட்டம் இல்லாமலே 324 கிலோ. முழு ஜம்போ அளவில் 8 மி.மீ. கண்ணாடி மூன்று என்றால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். திறந்து மூடும் சாதாரணக் கதவுக்கீல்கள் 130, 150 கிலோவுக்கு மேல் தாங்காது. தூக்கி நகர்த்தும் வகைத் தண்டவாளக் கதவுகளே 400 கிலோவோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே மிகப் பெரிய ஜன்னல் என்றால் திறக்காத ஜன்னல் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, காற்றுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று வைப்பதே புத்திசாலித்தனம்.

பெரிதாக்குவதால் ஒரு லாபமும் இருக்கிறது, எதிர்பார்க்காத லாபம். மூன்றடுக்கு ஜன்னலில் பலவீனமான இடம் ஓரம்தான். கண்ணாடிகளைத் தள்ளி நிறுத்தும் பட்டையும், அதைச் சுற்றியிருக்கும் சட்டமும் கண்ணாடியின் நடுப்பகுதியைவிட அதிகமாக வெப்பத்தைக் கசியவிடுகின்றன. சின்ன ஜன்னல் முழுக்க ஓரமும் சட்டமும்தானே? கண்ணாடியின் நடுப்பகுதிக் கசிவு 0.6, பத்து செ.மீ. அகலச் சட்டத்தின் கசிவு 0.9, ஓரத்துக்கு மீட்டருக்கு 0.04 என்று போட்டுக் கணக்குப் பார்த்தால், 60 செ.மீ. சதுர ஜன்னல் மொத்தத்தில் 0.94 வரும், 3 மீட்டருக்கு 2.4 மீட்டர் ஜன்னல் 0.70 வரும். அதே கண்ணாடி, அதே சட்டம். சின்னது தேர்வில் தோற்கிறது, பெரியது தேறுகிறது. ஆனாலும் கண்ணாடி கண்ணாடிதான். நன்றாகப் போர்த்திய சுவர் 0.1-தான் கசியும். அந்தப் பெரிய ஜன்னல் ஒன்று, 50 சதுர மீட்டர் சுவர் விடும் வெப்பத்தைத் தனியாளாக விடுகிறது.

இன்னொரு முரண், காற்றின் எடையால் வருவது. மூன்றடுக்குக் கண்ணாடியின் ஓரங்களை வாயு புகாதபடி இரண்டு வரிசைப் பசையால் அடைக்கிறார்கள். உள் பட்டையில் ஈரம் உறிஞ்சும் மணிகள். அடைத்த நிமிடத்தில் அந்தத் தொழிற்சாலையில் என்ன காற்றழுத்தமோ அது உள்ளே சிறைப்பட்டுவிடும். பிறகு வெளியே புயல் வந்து அழுத்தம் குறைந்தாலும், வெயிலில் வாயு சூடேறினாலும், கண்ணாடிகள் வெளிப்பக்கம் பிதுங்கும். குளிர்ந்தால் உட்குழியும். சுவரில் அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும் ஜன்னல், வானிலை மாறும்போதெல்லாம் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. இந்த அழுத்தத்தில் பெரிய கண்ணாடிதான் உடையும் என்று யாரும் நினைப்பார்கள். உடைவது பெரும்பாலும் அரை மீட்டர் அகலமே உள்ள ஒடுங்கிய கண்ணாடி. பெரியது வளைந்துகொடுத்துத் தப்பித்துவிடும். குறுகியது வளைய முடியாமல் முழு அழுத்தத்தையும் தாங்கி நின்று வெடிக்கும்.

ஆனால் கடலோரத் தொழிற்சாலையில் அடைத்த ஜன்னலை 1,600 மீட்டர் உயரத்திலிருக்கும் டென்வருக்குக் கொண்டுபோனால் பெரியதும் சிரமப்படும். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. உள்ளே இருக்கும் வாயு ஐந்தில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். வழியில் மலைக் கணவாய் ஏறும் லாரியிலேயே கண்ணாடி உடைவதும் உண்டு. இதற்காகத் தலைமுடி நுழையும் அளவு துளையுள்ள உலோகக் குழாயை ஓரத்தில் செருகி, அழுத்தம் சமமாக விடுவார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் அடைத்துவிடலாம்; மறந்தால் ஆர்கான் மெல்ல வெளியேறி, வாங்கிய பணம் வானத்தோடு கலந்துவிடும். ஆர்டர் கொடுக்கும்போது வீட்டின் உயரத்தைக் கேட்காத விற்பனையாளரிடம் நான் என்றால் வாங்க மாட்டேன்.

நடுக் கண்ணாடியின் பாடு தனி. வெயிலில் சூடாகும், ஆனால் இரண்டு பக்கமும் வெப்பத்தடை. சூட்டைக் கழிக்க வழியில்லை. சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் அதன் ஓரம் குளிர்ந்தே கிடக்கும். அந்த வித்தியாசத்திலேயே விரிசல் விடலாம் என்பதால் பல இடங்களில் அதைப் பதப்படுத்திப் போடுகிறார்கள், 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றடித்துக் குளிரவைத்து. அப்படிப் பதப்படுத்திய கண்ணாடிக்கு ஒரு மர்ம நோய் உண்டு. உருகும்போது எப்படியோ சேர்ந்த நிக்கல் சல்ஃபைடு துகள், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே இருக்கும், திடீர்க் குளிர்ச்சியில் தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்கிறது. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து அது நிதானமாக வடிவம் மாறிச் சற்றே பருக்கும். அன்றைக்கு, யாரும் தொடாமல், கண்ணாடி முழுவதும் பொடிப்பொடியாக உதிரும். ஆளில்லாத வீட்டில் நள்ளிரவில் ஜன்னல் வெடித்தது என்று கேள்விப்பட்டால் பேயைத் தேட வேண்டியதில்லை. இதைத் தடுக்க, பதப்படுத்திய கண்ணாடியை மறுபடி அடுப்பில் வைத்துப் பல மணி நேரம் சூடாக்குகிறார்கள். வெடிக்கப் போவது அங்கேயே வெடித்துவிடட்டும் என்று. பெரிய ஜன்னலுக்கு இந்தச் சோதனைக்கான பணத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பது சரியான சிக்கனம் அல்ல.

இனி வாங்குவது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் மூன்றடுக்குதான் இன்று புது வீட்டுக்கு வழக்கம். ஐரோப்பாவில் ஜன்னல் ஏற்றுமதியில் முன்னால் நிற்பது போலந்து. வட அமெரிக்காவில் இன்னும் இரட்டைக் கண்ணாடியின் ஆட்சி. அதனால்தான் ராக்கி மலையில் வீடு கட்டுகிறவர் போலந்துக்கோ லிதுவேனியாவுக்கோ ஆர்டர் அனுப்புகிறார். அனுப்பியதும் முதல் குழப்பம் எண்களில். ஐரோப்பியர் 0.8 என்று எழுதுவது அமெரிக்க அலகில் 0.14. இதைத் தெரியாமல் உள்ளூர் ஜன்னலின் 0.25-ஐயும் இறக்குமதி ஜன்னலின் 0.8-ஐயும் அருகருகே வைத்துப் பார்த்து, நல்லதை விட்டுவிட்டவர்கள் இருப்பார்கள். சோதிக்கும் முறையும் வேறு. அமெரிக்கர் வெளியே மைனஸ் 18 டிகிரி என்று வைத்து அளக்கிறார்கள், ஐரோப்பியர் அவ்வளவு குளிரை வைப்பதில்லை. வித்தியாசம் கூடினால் இடைவெளி வாயு சீக்கிரமே சுற்றத் தொடங்கும். அதனால் அமெரிக்கக் கணக்கில் 13 மி.மீ. இடைவெளி ஜெயிக்கும், ஐரோப்பியக் கணக்கில் 16-க்கு மேல் ஜெயிக்கும். இரண்டும் பொய்யில்லை. உங்கள் ஊரில் எவ்வளவு குளிரும் என்பதே கேள்வி.

அடுத்த தடை கப்பலில். கண்ணாடியைப் படுக்கவைத்து அனுப்ப முடியாது, செங்குத்தாக நிறுத்தித்தான் அனுப்ப வேண்டும். ‘ஹை க்யூப்’ எனப்படும் உயரமான 40 அடி கண்டெய்னரின் கதவு உயரம் சுமார் 2.58 மீட்டர். அடிக்கட்டை, மரப்பெட்டி, தூக்கி நுழைக்கும் இடம் எல்லாம் போக, சட்டத்தோடு சேர்ந்த ஜன்னலின் குட்டைப் பக்கத்துக்கு இரண்டரை மீட்டருக்கும் குறைவே மிஞ்சும். நீளம் எவ்வளவும் போகலாம், கண்டெய்னர்தான் 12 மீட்டர் இருக்கிறதே. இறக்குமதி ஜன்னல் வைத்த வீடுகளில் நீளவாக்கு ஜன்னல்கள் மிகுந்திருப்பதற்கு அழகுணர்ச்சியோடு இந்தக் கதவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். அதைவிடப் பெரிது வேண்டுமென்றால் கூரையில்லாத கண்டெய்னர் பிடிக்க வேண்டும், கட்டணம் எகிறும். கெட்டிக்காரர்கள் சட்டத்தை மட்டும் பிரித்து இறக்குமதி செய்து, கண்ணாடியைச் சொந்த நாட்டிலேயே செய்து பொருத்துகிறார்கள். இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒன்று உடைந்தால் மறுபடி கடல் தாண்டக் காத்திருக்க வேண்டாம்.

ஐரோப்பாவுக்குள்ளேயே போவதானால் சாலை வேறு விதி போடும். அங்கே லாரியின் மொத்த உயரம் பொதுவாக 4 மீட்டர். சாதாரண லாரியின் தளமே ஒரு மீட்டருக்கு மேல்; 3.21 மீட்டர் தகட்டை அதில் நிறுத்தினால் பாலத்தில் இடிக்கும். அதற்காகவே, நடுவில் அச்சோ தளமோ இல்லாமல் பின்பக்கம் கவட்டைபோல் திறந்திருக்கும் டிரெய்லர்கள் இருக்கின்றன. கண்ணாடி நிற்கும் சட்டத்துக்குப் பின்னாலேயே வந்து, அதை இரு கால்களுக்கிடையே ஏந்தி, தரையிலிருந்து சற்றே தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும்.

மலைச்சரிவுக்கு வந்து சேர்ந்ததும் தூக்க வேண்டும். கொக்கி மாட்ட இடமில்லாத வழுவழுப்பான பொருளைக் கிரேன் எப்படிப் பிடிக்கும்? உறிஞ்சு தட்டுகளால். 30 செ.மீ. ரப்பர் தட்டை ஒட்டி உள்ளிருக்கும் காற்றில் பாதிக்குமேல் இழுத்துவிட்டால், வெளிக்காற்று அதை 400 கிலோ விசையோடு கண்ணாடிமேல் அழுத்திப் பிடிக்கும். எட்டுத் தட்டு, பத்துத் தட்டு என்று தேவைக்கு மேலேயே போடுவார்கள். டென்வர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பிடியும் அதே விகிதத்தில் தளரும். அங்கே தட்டுகளைக் கூட்ட வேண்டும். காற்று கொஞ்சம் வேகமாக வீசினாலும் வேலையை நிறுத்திவிடுவார்கள், தொங்கும் கண்ணாடி பாய்மரமாகிவிடும் என்பதால். சட்டத்தில் இறக்கும்போதும் கண்ணாடியின் ஓரம் சட்டத்தைத் தொடாது. அடியில் இரண்டே இடங்களில் வைத்த சின்னக் கட்டைகள்மேல் மொத்த எடையும் நிற்கும். அந்தக் கட்டைகள் ஒரு விரல்கடை தப்பிப் போனால் மூன்று கண்ணாடிகளில் ஒன்று மட்டும் சுமையைத் தாங்கி, சில மாதங்களில் மூலையிலிருந்து விரிசல் கிளம்பும்.

பொருத்தியாயிற்று. தெற்கு வெயில் அடிக்கும்போது சதுர மீட்டருக்கு 600 வாட் விழுந்து, அதில் பாதி உள்ளே வந்தாலும், நம் 7.2 சதுர மீட்டர் ஜன்னல் இரண்டு அறைச் சூடேற்றிகளுக்குச் சமம். ஜனவரியில் வரம், ஜூலையில் தொல்லை. உள்பக்கத் திரை உதவாது. வெப்பம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. தடுப்பு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். சென்னையில் இந்த ஜன்னலை வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். உள்ளே 25, வெளியே 38 என்றால் வித்தியாசம் 13 டிகிரி. கனடாவின் எட்மன்டனில் குளிர்காலத்தில் அது 50. மூன்றாவது கண்ணாடிக்கு நம் ஊரில் சம்பளத்துக்கேற்ற வேலை கிடையாது. நமக்கு வேண்டியது நிழல்.

முதல் இலையுதிர்காலத்தில் ஒரு புகார் வரும். விடியற்காலையில் ஜன்னல் முழுக்கப் பனித்துளி, மலையே தெரியவில்லை, பழுதான சரக்கு என்று. துளி இருப்பது வெளிப்பக்கத்தில். வீட்டின் சூடு வெளிக்கண்ணாடி வரை வந்து சேரவே இல்லை. தெளிந்த இரவு வானத்தை நோக்கித் தன் சூட்டை வீசிய அந்தக் கண்ணாடி, புல் நுனியைப் போலவே குளிர்ந்து பனி பிடித்திருக்கிறது. ஒற்றைக் கண்ணாடி வீட்டில் இது நடக்கவே நடக்காது. ஒன்பது மணி வெயிலில் போய்விடும் என்று சொல்லி விற்பனையாளர் போனை வைப்பார்.

ஓரப் பசைக்கு ஆயுள் இருபது, முப்பது ஆண்டு. ஆர்கானும் ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்குக்கு மேல் கசியக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. கிரானிக்ஸ்டைன் வீட்டு ஜன்னல்கள் கால் நூற்றாண்டு தாண்டியும் நன்றாகவே இருந்தன என்றாலும், என்றாவது ஒருநாள் ஒரு கண்ணாடியை மாற்றத்தான் வேண்டியிருக்கும். அன்றைக்கும் அதே கிரேன், அதே இடத்தில் கால் ஊன்றி நிற்க வேண்டும். அதற்குள் அங்கே தோட்டம் வந்திருக்கும், கார் கொட்டகை வந்திருக்கும். கிரேன் நின்ற இடத்தை வீட்டு வரைபடத்தில் இப்போதே குறித்து, அதன் அடியில் செப்டிக் டேங்க் வைக்கக் கூடாது என்று பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.